சலவைக்குப் போன சட்டைகள்

வியாசர்பாடியில் நான் ஆடிய டீமுக்கு அலுவலகம், வங்கிக் கணக்கு, ரப்பர் ஸ்டாம்ப் என்று எதுவும் கிடையாது. பதினாறு மஞ்சள் ஜெர்சிகள் ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டப்பட்டு, கிரவுண்டுக்கு எதிர்ச்சந்தில் ஆப்பக்கடை வைத்திருந்த ஆயாவின் வீட்டுப் பரணில் கிடக்கும். ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர்தான் அவற்றைத் தோய்த்து, தெருவின் குறுக்கே கட்டிய கொடியில் காயப்போடுவார். பேரன் எங்களோடு ஆடிய காலத்தில் தொடங்கிய அந்த வேலையை, பேரன் முட்டி உடைந்து ஆட்டத்தை விட்ட பிறகும் அவர் விடவில்லை. உங்கள் டீம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் நாங்கள் அந்த மூட்டையைத்தான் காட்டியிருப்போம்.

அதனால்தானோ என்னவோ, ஊரை விட்டுப் போன அணிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, எனக்கு முதலில் ஒட்டிக்கொண்டது அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து பேண்டு வாத்தியக்காரர்களின் கதை. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைப்பது, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற வேறோர் ஆட்டம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏரியாவில் அதற்கு அந்தப் பெயரை யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பால்டிமோரில் கோல்ட்ஸ் என்றோர் அணி இருந்தது. மைதானம் தொடர்பாக அதன் உரிமையாளருக்கும் நகரத்துக்கும் நீண்ட காலமாகத் தகராறு. கடைசியில், சாலை போடுவதற்கு நிலத்தைக் கையகப்படுத்துவதைப் போல அணியையே கையகப்படுத்த வழிசெய்யும் மசோதா ஒன்றை மேரிலாந்து மாநிலத்தின் சட்டமன்றம் கையில் எடுத்தது. அது சட்டமாவதற்குள், 1984 மார்ச் 28 அன்று இரவு, கொட்டும் பனியில் லாரிகள் வந்து நின்றன. ஹெல்மெட்டுகளிலிருந்து அலுவலகக் கோப்புகள் வரை அத்தனையையும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் இண்டியானாபொலிஸ் நகரத்தை நோக்கிப் போய்விட்டன. அந்த நகரம் புதிதாகக் கூரையுள்ள மைதானம் ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு, ஆட ஓர் அணியைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த அணிக்கென்று ஒரு பேண்டு குழு இருந்தது; அதன் சீருடைகள் அன்றைக்குச் சலவைக் கடையில் இருந்தன. அதனால் அந்தத் துணி லாரிக்குத் தப்பியது. குழுவினர் அவற்றைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, அணியே இல்லாத ஊரில், அணியின் பெயரிலேயே, 12 ஆண்டுகள் வாசித்தார்கள். பிற நகரங்களின் ஆட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் போனார்கள். புது மைதானத்துக்குப் பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்று சட்டமன்ற உறுப்பினர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கட்டடத்துக்கு எதிரே நின்று வாசித்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. கைவிடப்பட்டவர்களின் கோபத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது இந்த மாதிரி, யாரும் கேட்காமல் செய்துகொண்டே இருந்த வேலைதான்.

பிறகு பால்டிமோருக்கு ஓர் அணி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதில்தான் இந்தக் கதை கசக்கத் தொடங்குகிறது. 1995 நவம்பரில் கிளீவ்லாந்து நகரத்தின் பிரௌன்ஸ் அணியின் உரிமையாளர் ஆர்ட் மொடெல், அடுத்த ஆண்டு அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். நேற்று வீடு பறிகொடுத்தவர்கள் இன்று அடுத்தவர் வீட்டுக்குள் குடியேறினார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அந்த டிசம்பர் 17 அன்று கிளீவ்லாந்தில் நடந்த கடைசி ஆட்டத்தில், நாய் முகமூடி அணிந்து உட்காரும் பழக்கமுள்ள அந்தக் கடைக்கோடிப் பகுதி ரசிகர்கள், உட்கார்ந்திருந்த பெஞ்சுகளையே பெயர்த்து மைதானத்துக்குள் எறிந்தார்கள். அந்தப் பக்கமாக ஆடுவது ஆபத்து என்று நடுவர்கள் அணிகளின் திசையை மாற்ற வேண்டியிருந்தது. ஆட்டத்தில் பிரௌன்ஸ் ஜெயித்தது. முடிந்ததும் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போகாமல் அந்தப் பகுதிக்கு ஓடி, அழுதுகொண்டிருந்தவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உரிமையாளர் அன்று வரவில்லை.

கிளீவ்லாந்துக்காரர்கள் உணர்ச்சிவசப்பட்டதோடு நிறுத்தவில்லை. நகரம் வழக்குத் தொடுத்தது. 1996 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. ஆட்டக்காரர்களையும் ஒப்பந்தங்களையும் பால்டிமோர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிரௌன்ஸ் என்ற பெயரும், நிறங்களும், அதுவரை எழுதப்பட்ட வெற்றி தோல்விகளின் பதிவேடும் கிளீவ்லாந்திலேயே இருக்கும். 1999-இல் புது அணி ஒன்று அந்தப் பழைய பெயரோடு களமிறங்கியது. சட்டத்தின் பார்வையில் உரிமையாளரின் சொத்தாக மட்டுமே இருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்து, இவ்வளவு உன்னுடையது, இவ்வளவு ஊருடையது என்று பாகம் போட்ட அந்த ஒப்பந்தத்தை, இந்த விவகாரத்தில் நடந்த மிக நேர்மையான காரியம் என்றே நினைக்கிறேன்.

இத்தகைய இடமாற்றங்கள் அமெரிக்காவில் ஏன் மீண்டும் மீண்டும் நடக்கின்றன என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அங்கே லீக் என்பது கதவடைத்த வீடு. அணிகளின் எண்ணிக்கையை லீக்தான் தீர்மானிக்கிறது; கீழ்ப்பிரிவிலிருந்து ஜெயித்து மேலே வர வழி கிடையாது. ஆகவே லீக் புதிதாக ஒன்றைத் தராதவரை, அணி இல்லாத ஊர், இருக்கிற ஓர் ஊரிலிருந்து இழுத்தால்தான் உண்டு. இழுப்பதற்கான தூண்டில், பொதுப்பணத்தில் கட்டப்படும் மைதானம். இந்தியன் சூப்பர் லீக் என்ற நம்முடைய ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டியும் தொடக்கத்தில் இந்த அச்சில் வார்த்ததுதான் என்பதால், அதே சங்கிலி இங்கேயும் கோக்கத் தொடங்கிவிட்டது. 2019-இல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா அணியானது. அதே ஆண்டில் புனே அணி கலைந்து, அதன் இடத்தில் ஹைதராபாத் அணி பிறந்தது. ஹைதராபாத் 2022-இல் கோப்பையையே வென்றது; 2025-இல் அது டெல்லிக்கு மாற்றப்பட்டது. ஆக, டெல்லி இழந்ததை டெல்லி திரும்பப் பெற்றது. அதற்கு விலை கொடுத்தது ஹைதராபாத். டெல்லியிலிருந்து புவனேஸ்வரத்துக்கு அணியோடு சேர்ந்து மூட்டை கட்டியவர்களில் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகரும் ஒருவர் என்பது, இந்தச் சங்கிலியில் நமக்கு இருக்கும் சின்னக் கண்ணி.

சென்னைக்கும் இது நடந்திருக்கிறது. நம்மில் பலருக்கு நினைவில்லை, அவ்வளவுதான். சென்னை சிட்டி அணி 2016-17 பருவத்தில் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியில் நுழைந்தபோது, அதன் சொந்த மைதானம் பெரியமேட்டிலுள்ள நேரு ஸ்டேடியம். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ் தாண்டி மூர் மார்க்கெட், அங்கிருந்து நடை. நானும் இரண்டு மூன்று ஆட்டங்களுக்குப் போனேன். பழைய நேஷனல் லீக் நாள்களில் இந்தியன் பேங்க் அணி ஆடியதைப் பார்த்த பெரியவர்கள் சிலர், காலியான வரிசைகளில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பருவமே அணி, பெயரை மாற்றிக்கொள்ளாமல், 500 கிலோமீட்டர் தள்ளிக் கோவைக்குப் போய்விட்டது. 2019 மார்ச் 9 அன்று அங்கே மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, 43 புள்ளிகளோடு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, ஐ-லீக் கோப்பையையும் வென்றது. பெத்ரோ மான்சி ஒரு பெனால்டியும், கௌரவ் போரா இரண்டு கோல்களும் அடித்த ஆட்டம் அது.

அன்று மாலை பெரம்பூரில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு அந்தச் செய்தியைப் போனில் படித்தேன். சென்னை ஜெயித்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர், கிரிக்கெட்டா என்று கேட்டார். எனக்குக் கோபமோ ஏமாற்றமோ இருந்திருக்க வேண்டும், இல்லை. ஒரு பருவம் மட்டும் ஊரில் தங்கிவிட்டுப் போன அணியிடம் உரிமை கொண்டாட, நாங்கள் அதற்காக எதையும் செய்திருக்கவில்லை என்பதே உண்மை. உரிமையோடு வருத்தப்பட வேண்டியவர்கள் கோவைக்காரர்கள்தான். 2020-21 பருவத்தில் கொரோனா காரணமாக ஐ-லீக் முழுவதும் கொல்கத்தாவிலும் அதையடுத்த கல்யாணியிலுமே நடந்தது. அதற்குப் பிறகு சென்னை சிட்டி அந்த லீக்கில் ஆடவே இல்லை. கோப்பை வென்ற ஊரில், கோப்பை வென்ற அணி இரண்டே ஆண்டுகளில் இல்லாமல் போயிற்று. போனதும் வேறோர் ஊரின் பெயரோடு.

இங்கிலாந்தில் நடந்தது வேறு வகை. விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1889-இல் தொடங்கிய ஒரு கால்பந்து கிளப்பும் அங்கே இருந்தது. 1977-இல்தான் அது தேசிய லீக்கின் கடைசிப் பிரிவுக்குள் நுழைந்தது, 1986-இல் முதல் பிரிவு, 1988-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியது. லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோலையும், ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பெசன்ட் பாய்ந்து தடுத்ததையும், எங்கள் கோச் அண்ணன் நேரில் பார்த்தவர் போல நடித்துக் காட்டுவார். எந்த வீடியோ கேசட்டில் பார்த்தாரோ தெரியாது. சின்ன டீம் பெரிய டீமை அடிக்கலாம் என்பதற்கு அவருக்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை. அதே கிளப் காணாமல் போன கதையை அவரிடம் சொன்னவன் நான்தான். அவர் நம்ப மறுத்தார்.

காணாமல் போனது ஒரே நாளில் அல்ல. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு, மேல்பிரிவு மைதானங்களில் நின்று பார்க்கும் இடங்களை ஒழித்து இருக்கைகள் போட வேண்டும் என்ற விதி வந்தது. விம்பிள்டனின் ப்ளவ் லேன் பழைய மைதானம்; சீரமைக்க முடியாது என்று சொல்லி 1991-இல் அணி அதை விட்டு, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம் புகுந்தது. தற்காலிகம் என்றார்கள். பத்தாண்டுகளுக்குப் பின், 2001-இல், நிர்வாகம் லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்ஸ் என்ற புதிய நகரத்துக்குப் போக அனுமதி கேட்டது. தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நம் கணக்கில் சென்னைக்கும் மேல்மருவத்தூருக்கும் இடையே உள்ளது. 2002 மே 28 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை அனுமதித்தது. ரசிகர்கள் தாங்களாகவே புது கிளப் ஒன்றைத் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற பொருளில், அந்தக் குழுவின் அறிக்கை ஒரு வரியும் எழுதியது.

அந்த வரியை எழுதியவர்கள் அதற்கு முன் விம்பிள்டன் ரசிகர் ஒருவரையாவது சந்தித்திருந்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சில வாரங்களுக்குள் புது கிளப் ஒன்று தொடங்கிவிட்டது. ஜூன் மாதத்தில் விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திடலில் ஆட்டக்காரர் தேர்வு நடந்தது. ஆடத் தெரிந்தவர், தெரியாதவர் என்று 230 பேர் வந்து நின்றார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட் அணியோடு முதல் ஆட்டம். 4-0 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். பழைய நிறுவனமோ அதே அக்டோபரில் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ராதர்ஹாமோடு ஆடியபோது, வந்தவர்கள் 849 பேர். எதிர்ப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான புள்ளிவிவரம் இருக்க முடியாது.

ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற அந்தப் புது கிளப் ஒன்பதாவது படிநிலையில் தொடங்கியது. இங்கிலாந்தின் லீக் அமைப்பு திறந்த ஏணி என்பதால்தான் இது முடிந்தது. பால்டிமோர்க்காரர்களுக்கு அந்த ஏணி இல்லை. 2003 பிப்ரவரிக்கும் 2004 டிசம்பருக்கும் இடையில் 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. 2011-இல் லூட்டன் டவுனை பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று தேசிய லீக்கின் நான்காம் பிரிவுக்குள் திரும்பி வந்தது. கிளப்பின் பெரும்பங்கு ரசிகர்களின் அறக்கட்டளைக்குச் சொந்தம். உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. கடைசியில், பழைய மைதானத்துக்குச் சிறிது தூரத்தில் அதே ப்ளவ் லேன் தெருவில் புது மைதானம் கட்டி, அதற்குப் பணம் போதாமல் ரசிகர்களிடமே கடன்பத்திரம் விற்று, 2020 நவம்பரில் வீடு திரும்பினார்கள். கொரோனாக் காலம், முதல் ஆட்டத்தைப் பார்க்க இருக்கைகளில் யாரும் இல்லை. இத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர்கள் வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையை இப்படியே சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் மில்டன் கீன்ஸில் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். கைமாறிய அந்த அணி 2004-இல் எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாறியது. டெலே அலி என்ற ஆட்டக்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர். பதினோரு வயதில் அந்த கிளப்பின் இளையோர் பயிற்சிக்குப் போனார். 2014 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று எம்.கே. டான்ஸ் அடித்தபோது களத்தில் இருந்தார். பின்னாளில் இங்கிலாந்துக்காக ஆடினார். அணி எப்படி வந்தது என்று கேட்கும் வயதா பதினோரு வயது? வீட்டுப் பக்கத்தில் ஒரு கிரவுண்டும் ஒரு கோச்சும் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது முல்லை நகர் கிரவுண்டைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரியும். தனபால் கணேஷ் போன்றவர்கள் வியாசர்பாடியிலிருந்து புறப்பட்டு ஐ.எஸ்.எல். வரை போனது, தெருவுக்குத் தெரு ஒரு டீம் இருந்ததால்தான். ஆகவே விம்பிள்டன்காரர்கள் பக்கம் நின்றாலும், மில்டன் கீன்ஸ் பிள்ளைகளைத் திருட்டுப் பொருளை வைத்திருப்பவர்களாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

2007-இல் எம்.கே. டான்ஸ் பழைய கோப்பைகளையும் பதிவுகளையும் விம்பிள்டன் பகுதியின் உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைத்து, 2004-க்கு முந்தைய வரலாறு தங்களுடையதல்ல என்று ஒப்புக்கொண்டது. பெயரிலுள்ள டான்ஸ் என்ற சொல்லை மட்டும் விடவில்லை. அது விம்பிள்டனின் செல்லப்பெயர். 2012 டிசம்பர் 2 அன்று எஃப்.ஏ. கோப்பையில் இரண்டும் முதன்முறையாக மோத நேர்ந்தபோது, போவதா புறக்கணிப்பதா என்று விம்பிள்டன் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசி நிமிடங்களில் குதிகாலால் தட்டிய ஒரு கோலில் எம்.கே. டான்ஸ் 2-1 என்று ஜெயித்தது.

எங்கள் டீமுக்கு வருகிறேன். மேலே சொன்ன ஊர்களிலெல்லாம் அணி போயிற்று, மக்கள் இருந்தார்கள். எங்களுக்கு நடந்தது தலைகீழ். 2015 வெள்ளத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில், கால்வாய்க் கரையோர வீடுகள் எடுக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்களுக்கு நகரத்தின் தென்கோடியில் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. லாரி இங்கேயும் வந்தது. பீரோவும் கட்டிலும் ஏற்றப்பட்டபோது, எங்கள் டீமில் ஒன்பது பேர் அவற்றோடு ஏறிப் போனார்கள். கிரவுண்டு அங்கேயே கிடந்தது, கோல் போஸ்ட் கிடந்தது, ஆயாவின் வீடு கால்வாயிலிருந்து தள்ளி இருந்ததால் மூட்டையும் பரணிலேயே கிடந்தது.

முதல் ஓராண்டு அந்த ஒன்பது பேரும் ஞாயிறு விடியலில் பஸ் மாறி மாறி வந்து ஆடிவிட்டுப் போனார்கள். பிறகு ஆறு பேர். பிறகு இரண்டு பேர். வேலைக்குப் போகிற பையன் வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையில் நான்கு மணி நேரத்தைப் பஸ்ஸில் கழிப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கொஞ்ச நாளில் பெரும்பாக்கத்துப் பையன்கள் அங்கேயே, கட்டடங்களுக்கு நடுவே இருந்த பொட்டலைச் சுத்தம் செய்து, ஒரு டீம் ஆரம்பித்ததாகக் கேள்விப்பட்டோம். பெயர் என்ன என்று விசாரித்தபோது எங்கள் பெயரையே வைத்திருந்தார்கள். ஜெர்சியும் மஞ்சள்.

இங்கே சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் போனவர்கள்தானே, பெயர் இருந்த இடத்தில்தானே இருக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அவர்களாகவா போனார்கள் என்று கோச் அண்ணன் கேட்டதோடு பேச்சு அடங்கியது, தீரவில்லை. போன ஆண்டு கொடுங்கையூரில் நடந்த, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு இரண்டு டீமும் பணம் கட்டிவிட்டதால், ஃபிக்ஸ்சர் போட உட்கார்ந்தவருக்குத் தலைவலி பிடித்தது. ஏ, பி என்று எழுதலாம் என்றார். யார் ஏ என்று இரு தரப்பும் எழுந்து நின்றது. கடைசியில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒன்றுக்கு வியாசர்பாடி என்றும் மற்றொன்றுக்குப் பெரும்பாக்கம் என்றும் எழுதினார். பெரும்பாக்கத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேரின் ஆதார் அட்டையில் அப்போதும் வியாசர்பாடி முகவரிதான் இருந்தது.

கால் இறுதியில் இரண்டும் மோதின. இரு பக்கமும் மஞ்சள் என்பதால் டாஸ் போடப்பட்டது, தோற்றது நாங்கள். எங்கள் பையன்கள் ஜெர்சியைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். தையல் தெரிய, எண் தெரியாமல் ஆடியதில், யாருக்கு மஞ்சள் அட்டை காட்டுவது என்றே ரெஃப்ரிக்குக் குழப்பம். பெரும்பாக்கம் 2-1 என்று ஜெயித்தது. வெற்றிக் கோலை அடித்தவன் ஆயாவின் எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்தவன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து ஆப்பக்கடைக்குத்தான் போனோம். அவர்கள் திரும்ப நீண்ட தூரம் போக வேண்டியிருந்ததால், வியர்வைச் சட்டைகளைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிட்டுச் சாதாரண உடையில் பஸ் ஏறினார்கள். அடுத்த ஞாயிறு அரையிறுதிக்கு வரும்போது வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். எங்களுடையதும் அதன்மேல் விழுந்தது. ஆயா விளக்கைத் தூக்கிப் பிடித்து அந்தக் குவியலைப் பார்த்தார், குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார், இருபத்து மூன்று வரை எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாடா இது, இவ்ளோத்தையும் நானே தோய்க்கணுமா?"